சும்மா நின்றாலும் உறுமிய கார்

எங்கள் அம்மா ஒரே வாரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். இதை நான் சொல்லவில்லை, அவளேதான் சொல்லிக்கொள்வாள், நெல் மூட்டை ஏற்ற வந்தவர்களிடம்கூட. முதலில் கிளட்ச்சை விட்டாலே ஆஃப் ஆகிக்கொண்டிருந்த வண்டி, ஒருநாள் காலையில் திடீரென்று சமர்த்தாகிவிட்டதாம். சொல்லிக்கொடுத்த அப்பா அதோடு குவைத்துக்குக் கிளம்பிவிட்டார். எங்களுக்கு மிச்சம் அந்தப் பழைய பெட்ரோல் காரும், அதை விற்றுவிடச் சொல்லும் பெரியப்பாவும்தான். பொம்பளை ஓட்டினால் என்றைக்காவது வயலில் இறக்குவாள், அதற்குமுன் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்பது அவர் கட்சி.

காரில் ஒரே ஒரு குறை. சும்மா நிற்கும்போதும் இன்ஜின் உறுமும். பெட்ரோலையும் அப்படிக் குடித்தது. பொறுத்துப் பார்த்த அம்மா, மன்னார்குடி ரோட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். விலை விசாரிக்கலாம் என்று பெரியப்பாவும் ஏறிக்கொண்டார்.

எங்கேயாவது ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று மெக்கானிக் இன்ஜினைச் சுற்றி ஸ்ப்ரே அடித்துப் பார்த்தார். சத்தம் மாறவில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளும் சரியாக இருந்தது. கடைசியில் டார்ச் அடித்து, உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூவைக் காட்டினார். அதன்மேல் இருந்த பெயின்ட் சீல் உடைந்திருந்தது.

"இன்ஜெக்‌ஷன் வண்டிங்க அக்கா, இதத் தொடவே கூடாது. புதுசா ஓட்டுறவங்களுக்கு ஆஃப் ஆகக் கூடாதுன்னு யாரோ ஐடிலிங்க, அதான் சும்மா நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகத்த, ஏத்தி வச்சிருக்காங்க."

யாரோ என்ன யாரோ. அந்த பானெட்டைத் திறந்தவர் எங்கள் வீட்டில் அப்பா ஒருவர்தான், எனக்குத்தான் அது அப்போது உறைக்கவில்லை. அம்மா முகம் சிவந்துபோனது. "குறைச்சிடுங்க" என்றாள்.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் திறந்தது. எங்கள் கார் ஆஃப் ஆனது. ஸ்டார்ட் செய்தாள், மறுபடி ஆஃப். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அது இன்னும் மோசம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மெக்கானிக் வண்டியக் கெடுத்துட்டாரும்மா, முன்ன மாதிரியே வைக்கச் சொல்லு" என்றேன்.

"வேணாம்" என்றாள் அம்மா.

அதன்பிறகு சாயங்காலம்தோறும் வெண்ணாற்றங்கரை ரோட்டில் அவள் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தாள். ஒருநாள் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். அப்பா லீவில் வந்ததும் காரை விற்றே தீருவது என்று பெரியப்பா ஆளே பார்த்து வைத்துவிட்டார்.

அப்பா வந்தார். மறுநாள் காரை ஸ்டார்ட் செய்தவர் இன்ஜின் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அவரை இடப்பக்க சீட்டுக்கு நகரச் சொன்னாள். நேராக நீடாமங்கலம் கேட்டுக்குத்தான் விட்டாள். ரயில் போய் கேட் திறந்ததும் கார் ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"பயந்துக்கிட்டு நீ ஓட்டுறத விட்டுட்டீன்னா, அண்ணன் வித்துருவாருன்னுதான்" என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

இவ்வளவு நாள் காத்திருந்த நான், பின்சீட்டிலிருந்து புகாரைச் சொல்லிவிட்டேன். "முன்னாடி நல்லா ஓடுச்சுப்பா. அந்த மெக்கானிக்தான் கெடுத்துட்டாரு."

அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை, அம்மா ரோட்டையே பார்த்து ஓட்டினாள். ஏதோ சண்டை என்று நினைத்து, வழியெல்லாம் நான் அந்த மெக்கானிக்கை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.