லோர்னா அண்ணி தந்த பால்பழம்

போன மாதம் ஒரு காலை, ஜெனீவாவில் ட்ராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் பெறாமகன், அண்ணனின் மகன், தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, அம்மா போயிட்டா" என்றான். நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. சுவிஸின் கிழக்கில் இருக்கிற வில் நகரத்துப் பழைய ஆட்களுக்கு லோர்னா அண்ணியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இப்போது வளர்ந்து நிற்கிற பிள்ளைகள் பலருக்கு, அவர் பிலிப்பைன்ஸில் பிறந்தவர், என் அண்ணனின் மனைவி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணனும் அவரும் ஒரே முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தவர்கள். அங்கேதான் பழக்கம். பதிவுத் திருமணத்துக்கு எங்கள் ஆட்களில் ஒருவர்கூடப் போகவில்லை. நான் அப்போது சுவிஸ் நாட்டுக்கே வந்திருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வந்து அவர்களுடைய வீட்டு மணியை அடித்தபோது கதவைத் திறந்த அண்ணி கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியோ?" அண்ணனிடமிருந்து யாழ்ப்பாணத் தமிழை அப்படியே பிடித்து வைத்திருந்தார். ஆம் என்பதற்குப் பேச்சுக்குப் பேச்சு "ஓம்" போடுவார். வேலைத்தலத்தில் சுவிஸ் மேலாளருக்கும் வாய்தவறி "ஓம்" சொல்லி, கடைசியில் அந்த மனுசியும் "ஓம்" சொல்லப் பழகிவிட்டாள்.

வெயில் காலம் வந்தால் அண்ணிக்கு ஒரு வேலை இருந்தது. தமிழ்க் கடையில் மொந்தன் வாழைக்காய் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பழுக்கவிடுவார். கறிக்கு வாங்குகிற காயைப் பழுக்க வைக்கிறாவே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் நாட்டில் சீனிப்பாகில் போடுகிற பழம் கிட்டத்தட்ட இந்தச் சாதிதானாம். பழத்தைச் சரிவாக வெட்டி, சிவப்புச் சீனியும் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மெல்லிய நெருப்பில் வைப்பார். பாகு இறுகும்வரை கரண்டி போடவே விடமாட்டார். "குலுக்கு, கிண்டாதை. பழத்துக்கு நோகும்" என்பார். பிறகு வெறும் பால் பெட்டியில் உறையவைத்த ஐஸ் கட்டியைத் துவாயால் பிடித்து, சுவிஸ்காரர் றோஸ்டிக்கு உருளைக்கிழங்கு துருவுகிற துருவியில் கறகறவென்று துருவுவார். கண்ணாடிக் கோப்பையின் அடியில் பழமும் பாகும், அவித்த ஜவ்வரிசி கொஞ்சம், மேலே கும்பமாக ஐஸ், அதற்கு மேல் தகரப் பேணியில் வருகிற கட்டியான ரின்பால். உடனே சாப்பிடவேண்டும். ஒருநாள் நான் தொலைபேசியில் கதை அளந்துகொண்டு நின்றதில் என் கோப்பை தண்ணீராகிவிட்டது. "ஐஸ் ஆரையும் பாத்துக்கொண்டு நிக்காது" என்று ஏசிவிட்டு, புறுபுறுத்துக்கொண்டே எனக்குத் திரும்பவும் துருவினார்.

நான் அந்த வீட்டில் இருந்தபோதுதான் என் கலியாணம் சரிவந்தது. பெண் வசந்தி கொழும்பிலிருந்து வந்து, வில்லிலேயே இருந்த தன் சபாபதி மாமா வீட்டில் தங்கினாள். விமான நிலையத்துக்கு ஆடி மாத வெயிலில் அண்ணி ஒரு குளிர்ச் சட்டையோடு வந்தார். தான் வந்திறங்கிய நாள் நடுங்கியது மறக்கவில்லையாம். வசந்தி வேர்க்க வேர்க்க அதைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கலியாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வரும்போது வாசலில் பால்பழம் கொடுப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை பக்கத்துச் சுமங்கலி கொடுக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த நாட்டில் இருந்த ஒரே பெண் அண்ணிதான். அண்ணன் விளக்கிச் சொன்னதும் அண்ணி சிரித்தார். "பாலும் பழமுமோ? அது எனக்கு நல்லாத் தெரியும்" என்று அன்றைக்கே வாழைக்காய் வாங்க ஓடினார். ஆனால் சபாபதி மாமா ஒருநாள் வந்து, கதிரையில் வடிவாகச் சாய்ந்திருந்துகொண்டு சொன்னார்: "தம்பி, குறை நினையாதை. முறை தெரிஞ்ச ஆள் குடுக்கவேணும். திரிம்பாக் ஊரிலை பரமேஸ்வரி இருக்கிறா. நான் சொல்லிப்போட்டன்." எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கதிரையை இழுத்து விழுத்தியிருப்பேன். "எனக்கு அண்ணி இருக்கேக்கை வேறை ஆள் ஏன்?" என்று கேட்டேன். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணீரோடு வந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "அவ குடுக்கட்டும். நான் வந்த ஆக்களுக்குச் செய்து குடுக்கிறன்" என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அங்கே தாலி கட்டினேன். மண்டபத்துக்குள் காற்றே இல்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் மாடி ஏறியபோது, கூறைச் சேலையில் வசந்தி களைத்துப்போயிருந்தாள். வாசலில் பரமேஸ்வரி அக்கா வெள்ளித் தட்டில் பாலும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே குசினியிலிருந்து ஐஸ் துருவுகிற சத்தம் கேட்டது.

"குடு பரமேஸ்வரி" என்றார் மாமா.

வசந்தி படியில் நின்றபடியே, "அக்கா எங்கை?" என்று கேட்டாள்.

"எந்த அக்கா?"

"லோர்னா அக்கா. அவ வரட்டும். நான் நிக்கிறன்."

"பிள்ளை, முறை எண்டு ஒண்டு இருக்கு."

"முறையைத்தான் மாமா கேக்கிறன். மாப்பிள்ளை வீட்டு மூத்த மருமகள் உள்ளுக்கு நிக்கிறா. நான் வந்த நாள் துவக்கம் என்னைச் சாப்பிட்டியோ எண்டு கேட்டதும் அவ ஒராள்தான்."

தாலி கட்டி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் கட்டிய பெண் எப்பேர்ப்பட்டவள் என்று அந்தப் படியில்தான் எனக்குத் தெரிந்தது. பரமேஸ்வரி அக்கா நல்ல மனுசி. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "லோர்னா, இஞ்சை வாரும் பிள்ளை" என்று கூப்பிட்டார்.

அண்ணி ஈரக் கையோடு, சேலைக்கு மேல் ஏப்ரனோடு வந்தார். விசயம் விளங்கியதும் திரும்பி உள்ளே ஓடி, ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு வந்தார். முதல் கரண்டி வசந்திக்கு, அடுத்தது எனக்கு. நாள் முழுக்க வெந்த தொண்டைக்குள் அந்தக் குளிரும் இனிப்பும் இறங்கிய சுகத்தை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "குளிர்ப் பால் குடுக்கிறேல்லை" என்று முணுமுணுத்த மாமா, பிறகு ஒரு மூலையில் குந்திக்கொண்டு இரண்டாவது கோப்பையும் வாங்கிச் சாப்பிட்டார். "இதென்ன பழம் பிள்ளை?" என்று கேட்டார். "மொந்தன், மாமா. உங்கடை ஊர்ப் பழம்தான்" என்றார் அண்ணி. வீடே சிரித்தது.

சிரிப்பு அடங்க, வசந்தி அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "அத்தான், உங்களுக்கு ஆர் பால்பழம் தந்தது?"

"எங்களுக்கு ஆர் இருந்தது?" என்றான் அண்ணன்.

வசந்தி எழும்பினாள். அண்ணியின் கையைப் பிடித்து அண்ணனுக்குப் பக்கத்தில் இருத்தினாள். புதுக் கோப்பை ஒன்றை எடுத்து அண்ணனுக்கு ஒரு கரண்டி ஊட்டிவிட்டு, மற்றதை அண்ணியின் வாய்க்கு நேரே நீட்டினாள். கலியாணமாகி எத்தனையோ வருடம் போன மனுசி, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். வாய் நிறைய ஐஸ். அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. சபாபதி மாமா தானாகவே மரியாதைக்கு எழும்பி நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு வில்லிலும் சுற்றுவட்டத்திலும் எங்கள் ஆட்களின் கலியாணம் என்றால், பால்பழத்துக்கு அண்ணியைத்தான் கேட்பார்கள். மாமா தன் சொந்த மகளின் கலியாணத்துக்கு வீடு தேடி வந்து, வெற்றிலை வைத்துக் கேட்டார். அண்ணி கத்தோலிக்கப் பெண், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அது ஒருவருக்கும் தடையாக இருக்கவில்லை.

இன்று அண்ணி இல்லை. சீனிப்பாகும் ஐஸும் யாரும் செய்யலாம், வசந்தியும் நன்றாகச் செய்கிறாள். நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, அந்த ஒரு கரண்டியை வாங்கியபோது அண்ணி இருந்த இருப்பைத்தான். கன்னத்தில் பாகு, கண்ணில் தண்ணீர், நிமிர்ந்த கழுத்து. எங்கள் வீட்டு மூத்த மருமகள் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தார். அவரை உள்ளே அழைத்தவள் என் மனைவி.