வட்டக்களரியில் என் மனைவி

என் மனைவி நடனக் கலைஞர். நான் கணக்கு வாத்தியார். அவள் முன்னறையில் பயிற்சியைத் தொடங்கினால் நான் உட்கார்ந்திருந்த கதிரையையும் தூக்கிக்கொண்டு குசினி அடுப்புப் பக்கம் இடம்பெயர்ந்துவிடுவேன்.

பரதம் படித்தவள், சில வருடங்களாக எங்கள் மட்டக்களப்புக் கூத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வாவியில் வலை வீசுகிறவரின் தோளும், வட்டை வயலில் நெல் அறுத்து அருவி வெட்டுகிற பெண்களின் வளைந்த இடுப்பும் அவள் ஆட்டத்துக்குள் வந்துவிட்டன. கொழும்பில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளுக்கு அது போதவில்லை.

"என்ட உடம்பு எந்த ஊர்ட உடம்பு எண்டு எனக்குத் தெரிய வேணும்," என்பாள்.

அதை அவளுடைய அம்மா சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாமியோ லேசில் மசிகிற ஆளில்லை. "வடிவாத்தான் இருக்கு. ஆனா நம்மட ஆட்டம் இல்ல," என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். கூத்துப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆடத்தான் விடவில்லை. அந்தக் காலத்தில் பெண் வேடமும் ஆண்களுக்கே.

போன வருடம் களுவாஞ்சிக்குடிப் பக்கம், மாமியின் ஊரில், ஒரு பின்னேரம் கூத்துக்கான மண் ஆடுகளமாக வட்டக்களரி போட்டு இவளை ஆடச் சொன்னார்கள். களரியைச் சுற்றிவரச் சனம். ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். மத்தளம் தொடங்கியதும் இவள் மேடையில் ஒரே பக்கம் பார்த்து ஆடிய பழக்கத்தில் ஆண்கள் பக்கமே பார்த்து ஆடினாள். பெண்களுக்குத் தெரிந்தது முதுகு மட்டும்.

"என்னகா, எங்களுக்கு முதுகையா காட்டுறாய்? இஞ்சால கிறுகு புள்ள!"

மாமியின் குரல். சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மாமி மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் நின்றாள். மாதக்கணக்காகக் கோத்து வைத்திருந்த ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் மத்தளத்தை மட்டும் கேட்டாள். பிறகு களரியைச் சுற்றத் தொடங்கினாள். வலை வீசினாள், அருவி வெட்டினாள், கிறுகிக் கிறுகி எல்லாப் பக்கத்துக்கும் முகம் கொடுத்தாள். காலடியில் புழுதி எழும்பியது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பெண்ணை நான் இப்படிப் பார்த்ததில்லை.

மத்தளம் ஓய்ந்தது. மூச்சு வாங்க நின்றவள் அம்மாவைத்தான் பார்த்தாள்.

மாமி எழுந்தார். அவர் வயதுப் பெண்கள் யாரும் கால் வைத்திராத களரிக்குள் விறுவிறென்று நடந்து வந்து, முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தார். பிறகு அதே முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினார்.

"கிறுகக்க எந்தக் காலை மனே முதல்ல வைச்சாய்?" என்று மகளைக் கேட்டார். "எனக்கும் ஒருக்கா காட்டித் தா."