கயிறு அறுந்த செய்தி

மீன் தின்கிறவன் சிப்பிக்குப் பாவம் பார்க்கிறான் என்று எங்கள் காஜா பேராங் தெருவில் என் அப்பாவைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. அப்பா சிப்பிமாலை வியாபாரி. மலாக்காவுக்கு எதிரே கடலில் இருக்கும் பெசார் தீவில் மலாய்ப் பெண்கள் சிலர் மாலை கோத்துவந்தார்கள். அப்பா உம்பாய் துறையிலிருந்து படகில் போய் அவற்றை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து வெள்ளிக் கொக்கி வைத்து டவுன் கடைகளுக்குக் கொடுப்பார். உள்ளே உயிர் இருக்கும் சிப்பியைத் தொடக்கூடாது, அலை ஒதுக்கிவிட்டுப் போன வெறுங்கூட்டைத்தான் பொறுக்க வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்கும் அவருக்கும் இருந்த பேச்சு. இன்னொரு கிறுக்கும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு மாலையையும் இன்னார் கோத்தது என்று பெயர் சொல்லித்தான் விற்பார். வாங்குகிறவனுக்கு அதில் என்ன கவலை என்று அத்தை கேட்பாள். எனக்குக் கவலை இருக்கிறது என்பார் அப்பா.

கோக்கிற கயிறு மட்டும் எங்கள் வீட்டிலிருந்து போகும். அம்மா பருத்தி நூலைத் தொடையில் வைத்துத் திரித்து, தேன்மெழுகு தடவி, சுருட்டிக் கொடுப்பாள். தன் கயிறு அறுந்ததாகச் சரித்திரமே இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அது மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம். டவுனில் கடைக்குக் கடை கொடித்துணி தொங்கியது. விழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள், மாலை எங்கே, மாலை எங்கே என்று கடைக்காரர்கள் அப்பாவைப் பிடுங்கி எடுத்தார்கள். அவரும் தீவுக்குப் போனார். மறுநாள் விடிவதற்குள் சுமத்ரா காற்று அடித்தது. எங்கள் கொல்லையில் வாழை சாய்ந்தது; எதிர்வீட்டுத் தகரம் பறந்து சாக்கடையில் விழுந்தது. அம்மா ஜன்னலைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

மத்தியானம் அப்பா வரவில்லை. பக்கத்து வீட்டு செட்டி அக்காதான் வந்தாள். மலாக்காச் செட்டிகள் நம்மைப் போல விபூதி பூசி நம்மைப் போலக் கும்பிட்டாலும் வீட்டில் பேசுவது மலாய்தான். அக்காவின் தம்பி உம்பாயில் மீன் வாங்கப் போனவர், தீவிலிருந்து வந்த படகுக்காரன் சொன்ன தகவலை அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா பேச்சில் சிக்கனக்காரி. முகம் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுப்பில் சோறு கொதிக்கிறதென்று வாசற்படியில் நின்றபடியே கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"தாலி பூத்துஸ். தா பாலேக்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள்.

மலாயில் தாலி என்றால் கயிறு. செட்டிப் பிள்ளைகளோடு பட்டம் விட்டு வளர்ந்தவள் நான். பட்டத்துக் கயிறு அறுந்தால் நாங்கள் கத்துவதும் இதே வார்த்தைதான். கயிறு அறுந்துபோச்சு, அவர் வரவில்லை. எனக்குப் புரிந்தது அவ்வளவே. கழுத்தைத் தொட்டது மாலையைக் காட்டத்தானே.

மலாயில் தாலி கயிறுதான் என்பது அம்மாவுக்கும் தெரியாததல்ல. வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் கயிறு கயிறாகவே அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் செட்டி அக்கா தன் கழுத்தில் கிடப்பதை ஒருநாள் எடுத்துக் காட்டி, உங்களுக்கும் எங்களுக்கும் இதன் பெயர் ஒன்றுதான், தாலி, என்று பெருமையாகச் சொன்னவள். காலையில் அந்தக் காற்று வேறு. அம்மா மாராப்புக்குள் கையை விட்டுத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

நான் ஓடிப்போய் இரண்டு வீடு தள்ளியிருந்த அத்தையைக் கூட்டி வந்தேன். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். செட்டி அக்கா சொன்னதை அப்படியே என் வாயிலிருந்து கேட்டதும் அவள் போட்ட சத்தத்தில் பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு உம்பாய்க்குப் புறப்பட்டார். பொழுது சாயச் சாயப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். செட்டி அக்காவிடம் போய் இன்னொரு தடவை கேட்கும் தைரியம் ஒருத்திக்கும் வரவில்லை. அத்தை ஒப்பாரிக்கு வாயைத் திறந்தபோது அம்மா முதல்முறையாகப் பேசினாள்.

"கண்ணால பாக்காம என் வீட்டுல யாரும் அழக் கூடாது."

ஒருவரும் அழவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அம்மா திரித்த கயிறு அறுந்ததற்கா இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? மாலையெல்லாம் கெட்டுப்போனதற்கு அம்மாவைக் குற்றம் சொல்லப்போகிறார்களா? அவளுக்காகப் பேச யாரும் இல்லை என்று தோன்றியது. அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, கயிறுதான் அத்தை அறுந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல என்றேன்.

அத்தை என்னை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆமாண்டி கண்ணு. கயிறுதான்," என்றாள். அவள் கண்ணீர் என் உச்சந்தலையில் சூடாக விழுந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததை நானே நம்பவில்லை. நான் சொன்னதை அத்தை ஒத்துக்கொண்டுவிட்டாள், ஒத்துக்கொண்டுதான் அழுதாள். அப்படியானால் கயிறு என்பதற்குள் எனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது. அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது. ஒரு மூலையில் ஒடுங்கினேன்.

இருட்டுகிற நேரத்தில் அத்தை என்னைக் கூப்பிட்டு, செட்டி அக்கா வீட்டுத் தோட்டத்தில் மல்லி பறித்து வரச் சொன்னாள். நிறைய வேண்டும், காலையில் தேடினால் கிடைக்காது என்றாள். பூ என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பியது. பூ நல்ல காரியத்துக்குத்தானே வாங்குவார்கள். பாவாடையை ஏந்திக்கொண்டு ஒரு மொட்டுகூட விடாமல் பறித்தேன். அக்கா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து எதற்கு இவ்வளவு என்றாள். அப்பாவுக்கு என்றேன். அவள் தலையை ஆட்டி, நாளைக்கு வரும் என்று மலாயில் சொன்னாள்; அந்தப் பாஷையில் வருவாருக்கும் வரும்க்கும் சொல் ஒன்றுதான்.

அதை மூச்சிரைக்க ஓடிவந்து கூடத்தில் அறிவித்தேன். நாளைக்கு வருதாம். அத்தை பக்கத்திலிருந்தவளிடம், நாளைக்குத்தான் கொண்டு வராங்களாம் என்றாள். அப்பாவுக்குக் கால் இருக்கிறதே, எதற்குக் கொண்டு வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அம்மாவிடம் போய் மடியிலிருந்த பூவைக் காட்டினேன்.

"வச்சுக்கம்மா, எல்லாம் ஒனக்குத்தான் பறிச்சேன்."

அம்மா பூவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது பெரியப்பாவின் சைக்கிள் வந்தது. பின்னால் கேரியரில், சாக்குமூட்டையைக் கட்டிப் பிடித்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். வீடு நிறையப் பெண்களைப் பார்த்து யாருக்கு என்ன என்று பதறிப்போய்க் குதித்து இறங்கினார். காற்றில் தீவிலிருந்த குடிசையின் கம்பு சரிந்து, மாட்டி வைத்திருந்த மாலைகள் அத்தனையும் அறுந்து மணலில் சிதறியிருக்கின்றன. அந்தப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கி மறுபடி கோத்து முடிக்கும்வரை அவரும் இருந்துவிட்டார். அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நம்ம வீட்டுல கோக்கத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"தெரியும். ஆனா அது அவங்க மாலை ஆகாதே," என்றார் அப்பா.

கயிறு முடிச்சில் அறுந்ததா நடுவில் அறுந்ததா என்று மட்டும் அம்மா கேட்டாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். செட்டி அக்கா வந்து விஷயத்தைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அம்மா எழுந்து போய், ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகையை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். அவ்வளவு பூ. நான் தரையில் புரண்டு அழுதேன். அப்பா வந்துவிட்ட நாளில் எதற்கு இந்த அழுகை என்று எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

புருஷன் செத்துத் தாலியைக் கழற்றப்போகிறவளுக்குக் கடைசியாக ஒருமுறை தலை கொள்ளாமல் பூ வைத்துப் பார்ப்பார்கள் என்பது, வளர்ந்த பிறகு ஒரு துக்கவீட்டில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை தெரியாது. அம்மா நாள் கிழமையென்றால் தவறாமல் பூ வைத்துக்கொள்வாள். அப்பா வாங்கி வந்தால் வைத்துக்கொள்வாள், அத்தை கொடுத்தாலும் வைத்துக்கொள்வாள். நான் பறித்து வந்தால் மட்டும், நீயே வச்சுக்கோடி என்று என் தலையில் வைத்துவிடுவாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எல்லாப் பூவும் எனக்கே கிடைத்தது.