பாதியில் வந்த கணவர்

குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுக்காகக் காரைக்கால் பக்கத்துப் பெண்களிடம் பேச, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டேன். குழுவில் இருந்த ஓர் அம்மா, "பேசிட்டிருக்கும்போது வீட்டுக்காரர் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். குழந்தை வளர்ப்பு பற்றியும் சில கேள்விகள் தயாரித்து, யாராவது வந்தால் அதற்கு மாறிவிடலாம் என்று அந்தப் பெண்களிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்றார்கள் குழுவினர். வேலை தள்ளிப்போகிறதே என்று எரிச்சலாக இருந்தாலும் அப்படியே செய்தேன்.

போலகம் கிராமத்தில் ஒரு பெண் கையிலிருந்த தழும்பைக் காட்டி அழுதுகொண்டிருந்தார். வயலுக்குப் போயிருந்த கணவர் திடீரென்று வாசலில் நின்றார்.

"யாரு இவங்க? எதுக்கு அழுவுற?"

நான் அவசரமாகக் கேள்வித்தாளைப் புரட்டினேன்.

"சின்னவனுக்கு ஊசி போட்டப்ப ஜன்னி வந்துச்சில்ல, அதைச் சொன்னேன். அழுகை வந்துட்டு" என்றார் அந்தப் பெண், பதறாமல்.

நானும் சுதாரித்து, "அடுத்த ஊசி எப்பங்க?" என்றேன். கணவரே உட்கார்ந்து பதில் சொன்னார். எனக்கு டீ போடவும் சொன்னார்.

மறுவாரம் அந்தப் பெண்ணே போன் செய்து, "ஒண்ணும் ஆகலைங்க" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வீட்டையே பார்த்திராத ஓர் அம்மா, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்தபடி அந்த வாசலை எப்படிக் கண்டார்! நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவிகள் களத்துக்குப் போகுமுன் வகுப்பில் ஒத்திகை உண்டு. பேச்சு உருகும் நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வரும் கணவர் நான்தான்.

– ஒரு வாசகி, கோவில்பத்து