இடது பக்கமாப் போங்க

ஒன்பது வருஷம் சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிவிட்டுத் திண்டிவனத்துக்குத் திரும்பியபோது, எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை வண்டி ஓட்டுவதுதான் என்று நினைத்திருந்தேன். அதையும் மனைவியிடம் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதல் வாரம் வீட்டில் நான் விருந்தாளி. எப்போதும் இரண்டு மாத லீவில் வந்து போகிறவன் என்பதால், மனைவியும் மகளும் அப்படியே பழகியிருந்தார்கள். சாப்பிட்ட தட்டை நானே கழுவப் போனால் மகள் பிடுங்கிக்கொள்வாள். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் தட்டி இரண்டு பேரையும் எழுப்பிவிடுவேன்.

மனைவிக்கு மயிலத்தில் ஒரு கல்லூரி லேபில் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் போனில் ஸ்கூட்டர் வாங்கட்டுமா என்று கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றேன். நம்ம ஊர் ரோட்டில் லாரிகள் வருகிற வேகம் எனக்குத் தெரியாதா? அவள் சரி என்று சொல்லிவிட்டு, வாங்கி, ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்த பிறகுதான் எனக்குப் படம் அனுப்பினாள்.

இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை. காய் வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் திரும்பியதும் கை தானாக வலது பக்கம் போய்விட்டது. சவுதியில் வலது பக்கம் ஓட்டுவதுதான் வழக்கம். நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே டவுன் பஸ். டிரைவர் பிரேக் போட்டார், நான் ஓரத்து மணலில் இறங்கி நின்றேன். யாருக்கும் அடியில்லை. கண்டக்டர் தலையை நீட்டி, ஊருக்குப் புதுசா என்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். காய் வாங்கவில்லை.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அதே பஸ்ஸில் பக்கத்து வீட்டு அக்கா இருந்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எந்த இடத்தில், எப்படித் திரும்பினேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள்.

"நாப்பது டன் ஏத்தி ஓட்டினவன்டி நான்" என்றேன்.

"அது அங்க. இங்க நாலு வருஷமா நான்தான் ஓட்டிக்கினு இருக்கேன். சொல்றதக் கேளுங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் மயிலம் வரைக்கும் நான் ஓட்டுவேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இடது தோளில் ஒரு தட்டு. "இடது பக்கமாப் போங்க." அவளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, அதே பாடத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்புவேன்; சாயங்காலம் மறுபடி போய் அழைத்துவருவேன். முதல் சில நாட்கள் கூச்சமாக இருந்தது. அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் கேட்டில் நின்று விசாரிப்பார்கள். அவள் என்னைக் காட்டி, பழகிக்கினு இருக்காரு என்பாள். போகப் போக எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒருநாள் வழியில் டீ குடிக்க நின்றபோது, நீ யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். யாரிடமும் இல்லையாம். கல்லூரி மைதானத்தில் தானே ஓட்டிப் பார்த்து இரண்டு முறை விழுந்தாளாம். முழங்காலில் தையல் போட்டார்களாம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய வித்துடுன்னு சொல்வீங்க."

சொல்லியிருப்பேன். அது எனக்கே தெரியும். நானும் சவுதியில் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துக் கிடந்ததை இவர்களிடம் சொன்னதில்லை. தினமும் போனில் பேசியும் இருவரும் இப்படி எத்தனை மறைத்திருக்கிறோம் என்று அன்றுதான் யோசித்தேன்.

மாதக் கடைசியில் தோளில் தட்டுவது நின்றுவிட்டது. கல்லூரி பஸ்ஸுக்கு டிரைவர் தேடுகிறார்கள் என்று அவளே விசாரித்து வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன், ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

வேலையில் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குப் பரீட்சை என்பதால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போனோம். வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கி மணலில் உட்கார்ந்தோம். சவுதியில் ராத்திரி எங்கே தூங்குவீங்க, யார் சமைப்பாங்க என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்விகள். வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கியது, கேபினுக்குள்ளேயே கால் மடக்கிப் படுத்தது, காமாலை வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மல்லாட்டையை உரித்து, பாதியை என் கையில் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.