வீட்டு வழியாகப் போகும் லோடு

லவெர்ன் குசெராவுக்கு அறுபத்தொரு வயது. அதில் முப்பத்து நான்கு வருடம் பதினெட்டுச் சக்கர லாரியில் போயிற்று. அந்த முப்பத்து நான்கில் ஓட்டியது எவ்வளவு, லோடுக்காகக் காத்துக் கிடந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கக் கூடாது. கேட்டால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். விடை அங்கே எழுதியிருப்பது போல.

லாரித் தொழில் மிகவும் நாகரிகமான தொழில். அதில் எந்த அவதிக்கும் ஒரு பெயர் உண்டு. சரக்கில்லாமல் வெறும் வண்டியை முந்நூறு மைல் ஓட்டினால் அதற்குப் பெயர் டெட்ஹெட். பின்பெட்டியும் இல்லாமல் முன்வண்டி மட்டும் தனியே ஓடினால் பாப்டெயில், அதாவது வால் நறுக்கிய நாய். கிடங்கு வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தால் டிடென்ஷன். பள்ளிக்கூடத்தில் முரட்டுப் பிள்ளைகளை நிறுத்தி வைப்பதற்கும் இதே சொல்தான். முதல் இரண்டு மணி நேரத்துக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது அவதியாகாது என்பது கம்பெனியின் கொள்கை.

மற்ற மனிதர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு யாரையும் கேட்காமல் செய்கிற காரியத்துக்கும் இங்கே பெயர் வைத்திருந்தார்கள். ஹோம் டைம். அதற்கு விண்ணப்பம் உண்டு, மூன்று வார முன்னறிவிப்பு உண்டு, மறுப்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. லவெர்னின் மகள் பிறந்தபோது அவர் லரீடோவில் எல்லைச் சோதனை வரிசையில் நின்றிருந்தார். அவள் பள்ளி முடித்தபோது வயோமிங்கில் பனிக்காக மூடிய நெடுஞ்சாலையில் இருந்தார். மனைவி டார்லா இதற்கெல்லாம் அழுத காலம் ஒன்று இருந்தது. பிறகு நெப்ராஸ்கா வீட்டின் சமையலறைச் சுவரில் அமெரிக்க வரைபடம் ஒன்றை மாட்டினாள். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கிருந்து எத்தனை மணி நேரம் என்று பார்க்காமலே சொல்லிவிடும் தேர்ச்சி அவளுக்கு வந்துவிட்டது.

முப்பத்து நான்கு வருடத்தில் அவள் இதைச் செய், அதைச் செய் என்று கேட்டதே இல்லை. போன மாதம்தான் முதன்முறையாகக் கேட்டாள். இடது சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் கேர்னி நகர ஆஸ்பத்திரியில் அறுவை.

"எனக்கு மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி நீ அங்க இருக்கணும், லவெர்ன். அப்புறம் நீ எங்க வேணா போ. அலாஸ்காவுக்கே போ."

"இருப்பேன்."

"இருப்பேன்னு சொல்லாத. எழுதிக் குடு உங்க ஆபீஸ்ல."

அவர் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கேட்கிறவர்களுக்கு நான்கு வாரம் முன்பே கொடுத்தார். லாரிகளை எங்கே போ, எதை ஏற்று என்று ஏவுகிற டிஸ்பாட்சர் டெவினுக்கு வயது இருபத்தாறு. லாரியின் உட்புறத்தைப் புகைப்படத்தில் பார்த்திருந்தான். நல்ல பையன். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டான்; சொல்லாமல் செய்வான்.

"ஐயா, உங்களைச் சும்மா வெறும் வண்டியோட வீட்டுக்கு அனுப்பினா உங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம். வீட்டு வழியாவே ஒரு லோடு புடிச்சித் தரேன். புதன் காலைல டெக்ஸாஸ்ல மாட்டுக்கறி ஏத்துறீங்க. வெள்ளி காலைல சூ ஃபால்ஸ்ல இறக்குறீங்க. நடுவுல கேர்னி. புதன் சாயங்காலமே வீட்ல சாப்பாடு."

"டெவின், இது வேடிக்கை இல்ல. என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்."

"தெரியும் ஐயா. சிஸ்டத்துல குறிப்பு போட்டிருக்கேன்."

வீட்டு வழியாகப் போகும் லோடு. தொழிலின் அத்தனை சொற்களிலும் இதுதான் இனிமையானது. மிட்டாய்த்தாள் சுற்றிய சொல். டிரைவர்கள் பல்லில்லாத வயதிலும் இதைக் கடித்துப் பார்க்கத் தயங்குவதில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு லவெர்ன் கிளம்பினார். இந்த ஆறு மணி முக்கியம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு டிரைவர் வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து பதினான்கு மணி நேரம் ஒரு கடிகாரம் ஓடும். அது தீர்ந்தால் எங்கே இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டிப் பத்து மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். எட்டு மணிக்கு இறைச்சி ஆலையின் வாசலில் அவர் ஆஜர். ஆலைக் குமாஸ்தா கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசினாள்.

"பதினேழாவது கதவு. இன்னும் பெட்டி கட்டி முடிக்கல. வண்டியிலயே இருங்க. தூங்கிடாதீங்க. கூப்பிட்டா பதினஞ்சு நிமிஷத்துல வரலேன்னா கதவை அடுத்தவருக்குக் குடுத்துடுவோம்."

"எவ்வளவு நேரமாகும்மா?"

"மாட்டைக் கேக்கணும்."

பதினாறாவது கதவில் ஆர்க்கன்சாக்காரர் ஹாய்ட் நின்றிருந்தார். இருவருக்கும் பதினைந்து வருடப் பழக்கம். பெரும்பாலும் இப்படிக் கதவுகளில்தான். ஹாய்ட் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். லவெர்னின் டேஷ்போர்டில் நேரக் கணக்குப் பெட்டி 'வேலையில்' என்று காட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பெரிய மனுஷா, வேலையில இருக்கியா? என்ன வேலை, ஈ ஓட்டுறியா?"

"அவ தூங்கக் கூடாதுன்னு சொன்னா."

"அவ சொன்னதை அவகிட்ட வச்சிக்க. பெட்டில 'படுக்கையில்'னு அமுக்கு. ஏழு மணி நேரம் தாண்டிட்டா அது உன் பதினாலுல சேராது. கடிகாரம் நின்னுரும். இது தெரியாதவன் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிறியே."

தெரியாமல் இல்லை. இங்கே லவெர்னின் மதமாற்றத்தைச் சொல்ல வேண்டும். நேரக் கணக்கைத் தாளில் எழுதிய காலத்தில் அந்தப் புத்தகத்துக்கு டிரைவர்கள் வைத்த பெயர் காமிக் புத்தகம். லவெர்ன் அதில் தேர்ந்த கதாசிரியர். டென்வரில் உறங்கியதாக எழுதிய இரவில் செயின்ட் லூயிஸில் டயர் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாதிரியாரிடம் இதற்கென்று தனியாகப் பாவமன்னிப்பு வாங்குவார். எந்திரப் பெட்டி வந்தபோது மற்றவர்கள் சபித்தார்கள். லவெர்னோ, இனி பொய் சொல்ல முடியாது என்ற நிம்மதியில் ஒரேயடியாக உத்தமராகிவிட்டார். எட்டு வருடமாக அந்தப் பெட்டியில் உண்மையைத் தவிர எதையும் அமுக்கியதில்லை. நாற்பது நிமிடத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்துச் சொன்ன உண்மைகள் எல்லாம் இதுவரை பெரிய விலை கேட்கவுமில்லை.

"தூங்குறேன்னு எப்படிப் போடுறது? முழிச்சிட்டுத்தானே இருக்கேன்."

ஹாய்ட் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். "உன்னை மாதிரி ஆளுங்க சொர்க்கத்துக்குப் போவாங்கப்பா. லேட்டாப் போவாங்க" என்றார். பிறகு தன் வண்டிக்குப் போய், படுக்கையில் என்று அமுக்கிவிட்டு, முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தார்.

பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஒவ்வொரு மணியிலும் இதோ இப்போது என்று நினைத்ததால் இனிமேல் பொத்தானை மாற்றுவதில் பயனில்லாத இடம் எப்போது கடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மாலை மூன்றரைக்கு, ஏற்றி முடிந்தது என்று பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு கதவுக்கும் ஒரே நேரத்தில். நாற்பத்திரண்டாயிரம் பவுண்டு மாட்டுக்கறி. ஹாய்ட்டின் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் பாக்கி. லவெர்னின் கடிகாரத்தில் நாலரை. கேர்னிக்கு எட்டு மணி நேரப் பயணம்.

அவர் டெவினைக் கூப்பிட்டார். நடுவழியில் இன்னொரு வண்டிக்கு லோடை மாற்றிவிட முடியுமா என்று கேட்டார். அதற்கும் பெயர் உண்டு: ரிலே.

"அந்தப் பக்கம் நம்ம வண்டி ஒண்ணும் இல்ல ஐயா. ஆமா, நீங்க ஏன் படுக்கையில்னு போடல?"

"படுக்கலயே."

எதிர்முனையில் விசைகளைத் தட்டும் சத்தம். "அதையும் குறிப்புல போட்டுடுறேன்" என்றான்.

இரவு எட்டு மணிக்கு, கான்சாஸ் சமவெளியில் வெயில் இன்னும் தரையோடு படர்ந்திருக்கையில், கடிகாரம் தீர்ந்தது. லவெர்ன் ஒரு லாரி நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார். கேர்னி நூற்றெழுபது மைல். மூன்று மணி நேரம். சாலை காலியாக இருந்தது. அவருக்குத் தூக்கமும் வரவில்லை.

ஓட்டிவிடலாம். பெட்டி சிவப்பாகக் கத்தும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கத்தல் நேரே கம்பெனிக்குப் போகும். கம்பெனிக்கு இதில் ஒரே ஒரு விதி: நேரத்தை மீறினால் வேலை போகும். வேலை போனால் காப்பீடு போகும். டார்லாவின் வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுப்பது அந்தக் காப்பீட்டில். ஆக, மனைவியின் அறுவைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் அறுவைக்கு வழியில்லை. அறுவை நடக்க வேண்டுமானால் அவர் போகக் கூடாது. இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்க முடியாது. தானாகத்தான் விளைந்திருக்க வேண்டும், களை மாதிரி.

அவர் டார்லாவைக் கூப்பிட்டார்.

"எந்த ஊரு?" என்றாள் எடுத்ததும்.

"ஓக்லி."

"மூணு மணி நேரம்." வரைபடத்தைப் பார்த்திருக்க மாட்டாள். "காலைல ஆறுக்குத்தான் விடுவாங்களா?"

"ஆறுக்கு. ஒன்பது, ஒன்பதரைக்கு வந்துடுவேன். டார்லா, ஆலையில ஏழரை மணி நேரம்..."

"அதெல்லாம் வேண்டாம், லவெர்ன். எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் நம்பர் போட்டு நாற்பதாயிரம் பவுண்டு எடை காட்டியிருந்தா நேரத்துக்கு வந்திருப்பே. என் தப்புதான்."

பின்பெட்டியின் குளிர்சாதனம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கறி கெடக் கூடாதே.

"ஆர்டிஸைக் கூப்பிட்டுக்கிறேன்" என்றாள் டார்லா. ஆர்டிஸ் பெல்ஸ் எதிர்வீட்டு விதவை. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நூடுல்ஸ் கொதிக்க வைத்த பாத்திரத்தோடு நிற்பவள். "நீ தூங்கு. அதைச் சரியா அமுக்கிட்டுத் தூங்கு."

போனை வைத்த சற்று நேரத்தில் நெடுஞ்சாலையில் ஹாய்ட்டின் நீல வண்டி வடக்கே போனது. லவெர்னின் வண்டியை அடையாளம் கண்டு இரண்டு முறை ஹாரன் அடித்தார். அன்போடுதான் அடித்தார்.

வியாழன் காலை ஆறு மணி ஆன அதே நிமிடம் லவெர்ன் கிளம்பினார். ஒன்பது இருபதுக்குக் கேர்னி. எழுபதடி வண்டியை ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் ஓட்டிக்கொண்டு போனதும் காவலாளி ஓடி வந்தான்.

"பெரியவரே, டெலிவரின்னா பின்வாசல்."

"டெலிவரி இல்ல. பார்க்க வந்திருக்கேன்."

"இதை எடுத்துக்கிட்டா?"

கடைசியில் ஒரு மைல் தள்ளி விவசாயப் பொருள் கடையின் காலிமனையில், முதலாளியிடம் கெஞ்சி, வண்டியை விட்டுவிட்டு நடந்தார். நடந்து பழக்கமில்லாத கால். காத்திருக்கும் அறைக்குப் போனபோது பத்து பத்து. ஆர்டிஸ் பின்னலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் துணைக்கு வந்தவர் என்று ஒட்டிய வில்லை. அதில் கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

"டாக்டர் இப்பத்தான் வந்துட்டுப் போனார், லவெர்ன். பத்து நிமிஷம் முன்னாடி. அடுத்த ஆபரேஷனுக்குப் போயிட்டார்."

"என்ன சொன்னார்?"

ஆர்டிஸ் கைப்பையிலிருந்து தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சித் தாளை எடுத்தாள். அதன் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தாள். "பாதி எடுக்கலாம்னு இருந்தாங்களாம், முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு. மத்தது நல்லாருக்குன்னார். ரத்தம் ஒரு பாட்டில் ஏத்தியிருக்கு. இன்னொண்ணு சொன்னார்." தாளைத் திருப்பினாள். மறுபக்கத்தில் பாட்டு எண்கள் இருந்தன. "இது என் எழுத்துதான், எனக்கே புரியல. ஏதோ ஓரம்ன்னார்."

"ஓரத்துல கட்டி மிச்சம் இருக்குன்னாரா, இல்லைன்னாரா?"

"அதைத்தான் எழுதினேன்" என்றாள் ஆர்டிஸ் வருத்தத்தோடு.

லவெர்ன் வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கிருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். நோயாளி கையெழுத்துப் போட்ட தாளில் தகவல் சொல்ல வேண்டியவர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது. அது ஆர்டிஸ் பெல்ஸ். நோயாளி நன்றாக விழித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். லவெர்ன் வாதாடவில்லை. தாளில் யார் பெயரோ அவரைத் தவிர யாருக்கும் ஒரு பெட்டியைக்கூட இறக்கிக் கொடுக்காதவர் அவர். எத்தனையோ வாசல்களில் நின்று எத்தனையோ பேரிடம் அதே குரலில் மறுத்திருக்கிறார். இப்போது அந்தக் குரல் எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டார்.

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். ஆர்டிஸ் வில்லையை உரித்து அவர் சட்டையில் ஒட்டினாள். "போ. யாரும் பார்க்க மாட்டாங்க."

டார்லா வெளிறிக் கிடந்தாள். மூக்கில் குழாய். லவெர்ன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். வெகு நேரத்துக்குப் பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எப்போ கிளம்பணும்?" என்றாள்.

இல்லை, போகப் போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் பழகிய வாய்; இரவு எட்டுக்குள் சூ ஃபால்ஸ் என்று கணக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. "ரெண்டே காலுக்கு" என்றார்.

அவள் தலையை அசைத்தாள். கோபமில்லை. அவள் எதிர்பார்த்த நேரத்துக்கும் அவர் சொன்ன நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலிருந்தது. அவர் கையிலிருந்து தன் கையை எடுத்து முகத்தைத் தடவினாள்.

"ஆர்டிஸை வரச் சொல்லு" என்றாள். "என் கண்ணாடி அவகிட்ட இருக்கு."

லவெர்ன் எழுந்தார். சட்டையிலிருந்து வில்லையை உரித்தார். ஏற்கெனவே ஒருமுறை உரித்ததால் அதில் பசை அதிகம் மிச்சமில்லை. கீழே விழுந்துவிடாமல் விரல் நுனியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஆர்டிஸைக் கூப்பிட வெளியே போனார்.