மூன்று கிலோ அழுத்தம்

பேகம்பூரைச் சேர்ந்த பாஸிலா, தோல் தொழிற்சாலையில் முதலில் சேர்ந்தது காய்ந்த தோல்களை அடுக்கிக் கட்டும் வேலைக்குத்தான். ப்ளஸ் டூவில் வேதியியல் படித்தவள் என்று தெரிந்ததும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஒன்பது வருடமாக அது அவள் பொறுப்பு.

தோலை மென்மையாக்க ஊற்றும் எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கழிவுநீரில் வரும். நுண்துளைகள் கொண்ட வடிகட்டிக் குழாய்களுக்குள் அதைப் பம்பு தள்ளும். தண்ணீர் துளை வழியே வெளியேறும். எண்ணெய்த் துளி துளையைவிடப் பெரியது, நின்றுவிடும். ஆனால் அழுத்தம் காட்டும் கேஜ் முள் மூன்று கிலோவைத் தாண்டினால் துளி நசுங்கி, நீண்டு, துளைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். இதைக் கேட்ட அன்றே பாஸிலாவுக்கு இடியாப்ப உரல் நினைவுக்கு வந்தது. கெட்டி மாவு அச்சில் நிற்கும். இளகிய மாவு தொட்டாலே வழியும். சோப்பு கலந்த எண்ணெயும் இளகிய மாவுதான். குறைந்த அழுத்தத்துக்கே தாண்டிவிடும்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் நுரையோடு வந்தது. தோல் கழுவும் டிரம்மில் யாரோ சோப்பை அளவில்லாமல் கொட்டியிருந்தார்கள். பாஸிலா அழுத்தத்தை இரண்டுக்கு இறக்கினாள். தண்ணீர் மெதுவாகத்தான் வடிந்தது. கழிவுநீர்த் தொட்டி ஏறிக்கொண்டே வந்தது.

சூப்பர்வைசர் அருளப்பன் வந்து நின்றார். “ஏம்மா, தொட்டி ததும்புது. பிரஷரை ஏத்து.”

“ஏத்தினா எண்ணெய் தாண்டிரும் சார். இன்னைக்குச் சோப்பு சாஸ்தி.”

“கண்ணுக்குத் தெரியாத துளிக்குப் பயந்தா வேலை நடக்குமா?”

முணுமுணுத்துக்கொண்டே போனார். பாஸிலா மதியத் தொழுகைக்குப் போய்த் திரும்பக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கொட்டகை வாசலிலேயே பம்பின் சத்தம் மாறியிருப்பது காதில் விழுந்தது. கேஜ் முள் நாலரையில் நின்றது. வெளியேறும் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. அது நேராகப் போவது டிரம்முக்கு வெந்நீர் காய்ச்சும் பாய்லருக்கு.

பம்பை நிறுத்திவிட்டு ஓடினாள். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குக் கீழே, பாய்லர் அடுப்பில் வேலுசாமி விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உள்ள தண்ணி எம்புட்டு நிக்குது?”

“கண்ணாடி நெறைய நிக்குது தங்கச்சி. என்னமோ மேலயும் கீழயும் ஆடுது.”

“அது தண்ணியில்லண்ணே, நொரை. எண்ணெய் உள்ள போயிருச்சு. விறகு போடாதீங்க.”

நுரைக்கு அடியில் தண்ணீர் வற்றியிருந்தால் இரும்புக் குழாய் பழுத்து வெடிக்கும். அதை வேலுசாமிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கையில் கட்டை அப்படியே நின்றது. பின்னாலேயே அருளப்பன் வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டுப் பம்பை நிறுத்துன? அடுப்பை அணைச்சா டிரம்முல கெடக்குற தோல் பூரா வீணாப்போகும்.”

வேலுசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பர்வைசர் சொல்லை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

“கண்ணாடிய நம்பாதீங்கண்ணே,” என்றாள் பாஸிலா.

அவர் கட்டையைக் கீழே போட்டார். அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியை நிறுத்தி, எரியும் விறகை நீண்ட கொக்கியால் வெளியே இழுத்தார். “இப்பப் பச்சத்தண்ணி விட்டாக் குழாய் வெடிச்சிரும். எல்லாரும் வெளிய போங்க,” என்றார்.

தூரத்தில் நின்று இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். நீராவி இறங்கிய பிறகு வேலுசாமி மட்டும் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். நுரை அமர்ந்திருந்தது. தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது.

மறுநாள் பாய்லரைத் திறந்தபோது ஒரு குழாய் கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்திருந்தது. வேலுசாமி அதைத் தடவிப் பார்த்தார். “இன்னும் நாலு கட்டை போட்டிருப்பேன் தங்கச்சி,” என்றார்.

பாதித் தோல் வீணாகியிருந்தது. மேலாளர் எல்லோரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார். அழுத்தத்தை ஏற்ற வால்வைத் திருகியது தான்தான் என்று அருளப்பன் முதல் ஆளாக எழுதிக்கொடுத்தார். பிறகு கொட்டகைக்கு வந்து, “நீ சொன்னதக் கேட்டிருக்கணும்மா,” என்றார்.

பாஸிலாவுக்குக் கோபம் ஆறவில்லை. எண்ணெய் அடைத்துக் கிடந்த வடிகட்டிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். அவற்றைக் கழுவி முடிக்க நாலு நாள் ஆயிற்று.